ஒரு டொலர் கமராவும் ஒரு கணக்குப் புத்தகமும்: ஜோர்ஜ் ஈஸ்ற்மன் வாழ்க்கை

1987ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ரொறொன்ரோ நகர மையத்திலிருந்த ஓர் அடகுக்கடையின் யன்னல் முன்னால் தொடர்ந்து நான்கு சனிக்கிழமைகள் நின்றிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரங்கள், வானொலிகள், இரண்டு கிற்றார்கள், இடுப்பில் செருகிக்கொண்டு காதில் மாட்டிக் கேட்கும் ஒலிநாடாப் பெட்டிகள். அவற்றின் நடுவே ஒரு கமரா. விலை 35 டொலர் என்று சிறு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதையே புதிதாக வாங்கினால் என்ன விலை என்பது எனக்கு மனப்பாடம். பெரிய கடைகள் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போகும் விலைப்பட்டியல்களை இரவில் கதைப்புத்தகம் போலப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஐந்தாவது சனிக்கிழமை உள்ளே போய் வாங்கிவிட்டேன். தோலுறையின் ஒரு மூலை கிழிந்திருந்தது. வில்லையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். கடைக்காரர் கீறலைத் தானே காட்டி, படத்தில் தெரியாது என்றார். நம்பினேன்.

எனக்கு அப்போது வயது 20. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. மணிக்கு நாலரை டொலர். நிலக்கீழ் வீடொன்றில் ஆறுபேர் இருந்தோம். பனியில் நான் நிற்கும் படம் ஒன்று வேண்டுமென்று ஊரிலிருந்து அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் வாங்கினேன் என்று அறைத் தோழர்களிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தப் பொருளின் மேல் எனக்கு வந்திருந்த பித்து.

வாங்கிய பிறகுதான் கணக்குப் பிழைத்தது தெரிந்தது. ஒரு பிலிம் சுருளின் விலையையும், அதைக் கழுவிப் பிரதி எடுக்கும் கூலியையும் கூட்டினால் ஏறக்குறைய நான்கு மணிநேர உழைப்பு வந்தது. அறை வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு, பயணத்துக்குப் பட்ட கடன் மூன்றும் போக மிஞ்சியதில், கோப்பை கழுவிச் சம்பாதித்த காசு படம் கழுவப் போதவில்லை. சுருளை வாங்கினேன், படம் எடுத்தேன், அடுத்த சம்பளத்தில் கழுவலாமென்று சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்தேன். அப்படி மூன்று சுருள்கள் சேர்ந்தன. அவற்றுக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலைக்குப் போகும் பேரூந்து, நகரின் வடமேற்கில் மவுண்ட் டெனிஸ் என்ற பகுதியைக் கடந்து போகும். அங்கே கொடாக் கனடா நிறுவனத்தின் ஆலை பெரிய வளாகமாக நின்றது. 2005இல் அது மூடப்பட்டது. ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைப் பார்த்தபடிதான் போய் வந்தேன். பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பெயரை உண்டாக்கியவரைப் பற்றித் தேடிப் படித்தபோது, எனக்கு 110 ஆண்டுகளுக்கு முன்னால் கமரா வாங்கக் காசு எண்ணிய இன்னோர் இளைஞனைக் கண்டுகொண்டேன். அவன் வாழ்ந்த ஊர் ஒன்ராறியோ ஏரியின் மறுகரைப் பக்கம் இருந்தது.

கணக்கு எழுதிய சிறுவன்

ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1854ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் வோற்றர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தைக்கு ஊரில் மரக்கன்றுத் தோட்டம் ஒன்று இருந்தது. அதோடு றொச்செஸ்ரர் நகரில் கணக்கியலும் வணிகமும் கற்பிக்கும் கல்லூரி ஒன்றையும் நடத்தினார். 1860இல் குடும்பம் றொச்செஸ்ரருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டே ஆண்டில் தந்தை இறந்துபோனார். ஜோர்ஜுக்கு அப்போது ஏழு வயது. கல்லூரியும் நொடித்துப்போயிற்று. தாய் மரியா வீட்டில் வாடகைக்கு ஆட்களை வைத்து, அவர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். இரண்டு தமக்கைமாரில் ஒருவர் இளம்பிள்ளைவாதத்தால் கால் முடங்கியவர். அவர் 1870இல் காலமானார்.

1868இல், 14 வயது நிறையுமுன்னரே, ஜோர்ஜ் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 3 டொலர். வேலைக்குச் சேர்ந்த அந்த ஆண்டிலிருந்தே கணக்குப் புத்தகம் ஒன்று வைத்து, வந்ததையும் போனதையும் சதம் தவறாமல் எழுதத் தொடங்கினார். கணக்கு எழுதும் பழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. மாலை வேளைகளில் வீட்டிலிருந்தபடியே கணக்கியல் படித்தார். 1874இல் றொச்செஸ்ரர் சேமிப்பு வங்கியில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தபோது வாரச் சம்பளம் 15 டொலரைத் தாண்டியது. குடும்பம் மூச்சு விட்டது.

வறுமையில் வளர்ந்து பெருஞ்செல்வரானவர்களின் கதைகள் அமெரிக்காவில் நிறைய உண்டு. ஈஸ்ற்மனைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் அந்தக் கணக்குப் புத்தகம்தான். ஒரு பொருளின் விலை என்பது கடையில் கொடுக்கும் காசு மாத்திரமல்ல, பிறகு அது நம்மிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் காசும் சேர்ந்ததுதான் என்பதை அவரைப்போல அறிந்தவர்கள் குறைவு. அவர் உலகுக்குச் செய்த நன்மையும், அவர் சேர்த்த செல்வமும் அந்த ஓர் அறிவிலிருந்தே வந்தன என்பது என் எண்ணம்.

49 டொலர் 58 சதம்

1877இல், வங்கியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, விடுமுறைக்குச் சாந்தோ டொமிங்கோவுக்குப் போக ஈஸ்ற்மன் திட்டமிட்டார். போகிற இடத்தைப் படம் பிடித்து வரலாமே என்று உடன் வேலை செய்த ஒருவர் யோசனை சொன்னார். ஈஸ்ற்மன் கமராவும் அதற்கான தளபாடங்களும் வாங்கினார். மொத்தம் 49 டொலர் 58 சதம். எடுபிடிப் பையனாக அவர் முதலில் வாங்கிய சம்பளத்தில் அது 16 வாரக் கூலிக்கும் மேல். படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவருக்கு மேலும் 5 டொலர் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 23. கடைசியில் சாந்தோ டொமிங்கோவுக்கு அவர் போகவேயில்லை. கமரா மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்துக் கமரா எப்படிப்பட்டது என்பதை இன்றைய வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஈரத்தட்டு முறை என்று அதற்குப் பெயர். கண்ணாடித் தட்டொன்றில் கொலோடியன் என்ற பசைக் கரைசலை ஊற்றிப் பரப்பி, அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் காயுமுன்னரே கழுவியும் முடிக்க வேண்டும். ஆகவே படம் பிடிப்பவர் இருட்டறையையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய பெட்டி போன்ற கமரா, கனமான முக்காலி, இருட்டுக்கான கூடாரம், கண்ணாடித் தட்டுகள், இரசாயனப் போத்தல்கள், தண்ணீர்க் குடம் என்று ஒரு பொதிக் குதிரைக்குரிய சுமை. ஒரு பயணத்தில் வெள்ளி நைத்திரேற்றுப் போத்தல் பெட்டிக்குள் ஒழுகி உடுப்புகளைப் பாழாக்கியதும் உண்டு.

மிச்சிகனின் மக்கினாக் தீவில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம் ஒன்றை அவர் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, சுற்றுலா வந்த சிலர் அதன்மேல் போய் நின்றார்களாம். வெயிலில் காத்திருந்து படமும் எடுத்து முடிந்த பின், பிரதிக்கு என்ன விலை என்று கேட்டார்கள். தான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்லன், ஆசைக்காக எடுக்கிறேன் என்று ஈஸ்ற்மன் சொன்னதும், பிறகெதற்கு எங்களை இவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்தினாய் என்று ஒருவர் சினந்துகொண்டார். ஆசைக்காக ஒருவன் இத்தனை பாடுபடுவான் என்பதை யாரும் நம்பாத காலம் அது.

அம்மாவின் சமையலறை

1878இல் ஒரு பிரித்தானியப் புகைப்பட இதழில் புதிய முறை ஒன்றைப் பற்றி ஈஸ்ற்மன் படித்தார். ஜெலற்றின் பசையில் வெள்ளி உப்பைக் கலந்து கண்ணாடியில் பூசினால், தட்டு காய்ந்த பிறகும் ஒளியை வாங்கும். மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். எடுத்த படத்தை ஆறுதலாகக் கழுவலாம். கூடாரமும் குடமும் வேண்டியதில்லை. பகலில் வங்கி வேலை, இரவில் அம்மாவின் சமையலறை அடுப்பில் பசை காய்ச்சும் வேலை என்று மூன்று ஆண்டுகள் போயின. சில இரவுகளில் உடுப்பையும் மாற்றாமல் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துவிடுவார். காலையில் வந்து பார்க்கும் தாய் என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. பிள்ளையை நம்பி வீடு இருக்க, பிள்ளை பசை காய்ச்சிக்கொண்டிருந்தது.

1879இல் தட்டுகளுக்குப் பசை பூசும் இயந்திரம் ஒன்றுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் கிடைத்தது. றொச்செஸ்ரரின் ஸ்ரேற் வீதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியை வாடகைக்கு எடுத்தார். முதல் போட்டவர் ஹென்றி ஸ்ரோங். குதிரைவண்டிச் சவுக்குகள் செய்து விற்றவர். மரியாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களில் ஒருவர். 1881 ஜனவரி முதலாம் திகதி இருவரும் கூட்டாகக் கம்பனி தொடங்கினார்கள். அவ்வாண்டே வங்கியில் தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, மேலிடத்து உறவினர் ஒருவருக்குப் போனதும் ஈஸ்ற்மன் வேலையை விட்டார்.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. விற்ற தட்டுகள் பழுதாகிவிட்டன என்று கடைகளிலிருந்து முறைப்பாடுகள் வந்தன. ஈஸ்ற்மன் வாதாடவில்லை. பழுதான தட்டுகள் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். கையிருப்பு கரைந்தது. ஆலையை நிறுத்திவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறி விசாரித்தபோதுதான் தெரிந்தது, குற்றம் தன் செய்முறையில் அல்ல, வாங்கிய ஜெலற்றினில் என்று. அன்றிலிருந்து மூலப்பொருளைச் சோதிக்காமல் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டார். இதன் அடிப்படைக் காரணம் 1920களில்தான் கொடாக் ஆய்வுகூடத்தில் வெளிப்பட்டது. ஜெலற்றினில் உள்ள மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மங்களே தட்டுக்கு ஒளியுணர்வைக் கூட்டுகின்றன. அவை மாடுகள் தின்னும் கடுகு போன்ற செடிகளிலிருந்து வருபவை. மாடு என்ன மேய்ந்தது என்பதைப் பொறுத்துப் படம் அமைந்திருக்கிறது!

25 டொலர் பெட்டி

கண்ணாடி உடையும், கனக்கும். ஆகவே அதற்குப் பதிலாக முதலில் கடதாசிச் சுருளையும், 1889 முதல் ஒளி ஊடுருவும் செலுலோயிட் பிலிமையும் ஈஸ்ற்மன் சந்தைக்குக் கொண்டுவந்தார். எடிசனின் ஆய்வுகூடம் அந்தப் பிலிமை வாங்கித்தான் அசையும் படக்கருவியில் ஓடவிட்டது. சினிமாவின் கதையும் இங்கே தொடங்குகிறது.

இடையில் 1888இல் வந்தது கொடாக் என்ற பெயர் தாங்கிய முதல் கமரா. எந்த மொழியிலும் பொருளில்லாத, எந்த நாட்டவரும் பிழையின்றிச் சொல்லக்கூடிய ஒரு சொல் தேவைப்பட்டது. கே என்ற ஆங்கில எழுத்தின் மேல் ஈஸ்ற்மனுக்குத் தனிப் பிரியம். எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கித் தாயும் மகனுமாக அந்தப் பெயரை உண்டாக்கினார்கள்.

கமராவின் விலை 25 டொலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எல்லாம் எடுத்து முடிந்ததும் கமராவை அப்படியே றொச்செஸ்ரருக்கு அனுப்ப வேண்டும். 10 டொலர் வாங்கிக்கொண்டு, வட்ட வட்டமான படங்களைக் கழுவி எடுத்து, புதுச்சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வாங்கியவர் செய்ய வேண்டியது பொத்தானை அழுத்துவது மட்டும்தான் என்று கம்பனி விளம்பரம் செய்தது. ஈரத்தட்டும் கூடாரமும் சுமந்த இளைஞன், தான் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது என்று செய்த வேலை இது. ஆனால் 25 டொலர் என்பது வாரம் 3 டொலர் வாங்கும் எடுபிடிப் பையனுக்கு எட்டு வாரத்துக்கும் மேற்பட்ட சம்பளம். பழைய ஜோர்ஜ் அந்தக் கமராவை வாங்கியிருக்க முடியாது. கடை யன்னலில்தான் பார்த்திருப்பான்.

ஒரு டொலர் பெட்டி

அந்த யன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்காக 1900 பெப்ரவரியில் வந்தது பிறவுணி. கொடாக்கின் கமராக்களை வடிவமைத்த பிராங்க் பிறவுணல் இதையும் வடிவமைத்தார். பெயரோ, பாமர் கொக்ஸ் என்ற கனடிய ஓவியர் வரைந்து குழந்தைகளிடம் புகழ்பெற்றிருந்த பிறவுணி என்னும் குட்டிப் பூதங்களுடையது. கனத்த அட்டையில் செய்து, தோல் போன்ற கடதாசி ஒட்டிய பெட்டி. சாதாரண வில்லை ஒன்று. உள்ளதை உள்ளபடி பார்த்துக் குறிவைக்கும் கண்ணாடிகூட அதில் கிடையாது. பெட்டியின் மேற்புறத்தில் கோடுகள் போட்டிருந்தார்கள். அந்தத் திசையில் பார்த்துக் குறிவைக்க வேண்டியதுதான். விலை 1 டொலர். எடுபிடிப் பையனும் மூன்று வாரம் மிச்சம்பிடித்தால் வாங்கலாம். முதல் ஆண்டிலேயே ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்றது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கெனப் பிறவுணிக் கழகமும் போட்டிகளும் நடத்தினார்கள்.

அந்த அட்டைப் பெட்டி என்னென்ன செய்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 1912 ஏப்ரலில் ரைற்றானிக் கப்பல் மூழ்கியபோது உயிர் தப்பியவர்களை ஏற்றிவந்த கர்ப்பாதியா கப்பலில், தாயுடன் பயணம் செய்துகொண்டிருந்தார் பேர்னிஸ் பாமர் என்ற 17 வயதுக் கனடியப் பெண். அவர் கையில் ஒரு பிறவுணி. பனிப்பாறையையும், மேல்தளத்தில் கம்பளி போர்த்து நின்ற மனிதர்களையும் படம் எடுத்தார். கரை சேர்ந்ததும் ஒரு செய்திப்பட நிறுவனம் அந்தப் படங்களை 10 டொலருக்கு வாங்கிக்கொண்டது. அவற்றின் மதிப்பு அந்தப் பெண்ணுக்கு அப்போது தெரியாது. 1916இல் அன்சல் அடம்ஸ் என்ற 14 வயதுப் பையனுக்கு, யோசெமிற்றிப் பள்ளத்தாக்குக்குப் போனபோது பெற்றோர் ஒரு பிறவுணியைக் கொடுத்தார்கள். அமெரிக்க மலைகளைப் படம் பிடித்த பெருங்கலைஞர் ஒருவரின் தொடக்கம் அதுதான்.

கணக்கின் மறுபக்கம்

பல ஆண்டுகள் கழித்து, 2003இல், ஏரியைச் சுற்றிக் காரில் றொச்செஸ்ரருக்குப் போனேன். ஈஸ்ற்மன் வாழ்ந்த மாளிகை 1949 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு பிறவுணிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். பழைய வழக்கப்படி கணக்கும் போட்டேன். கமரா 1 டொலர். ஆறு படங்களுக்கான சுருள் 15 சதம். கழுவிப் பிரதி எடுக்க ஏறத்தாழ 40 சதம். ஆக, ஒரு சுருளுக்கு 55 சதம். இரண்டாவது சுருள் கழுவி முடிந்தபோது செலவு 1 டொலர் 10 சதம். கமராவின் விலை தாண்டிவிட்டது. கையில் இருப்பது 12 படங்கள்.

ஈஸ்ற்மனின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பது இங்கே விளங்குகிறது. கமரா ஒருமுறை விற்கும். பிலிம் வாழ்நாள் முழுவதும் விற்கும். 1930இல் தொழில் தொடங்கிய 50ஆவது ஆண்டு நிறைவின்போது, அவ்வாண்டு 12 வயதாகும் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் கமராக்களை ஒரு சுருளுடன் கொடாக் இலவசமாகவே கொடுத்தது. இரண்டாவது சுருள் இலவசமில்லை. இதைச் சூழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வேறு வழியில் கமரா கிடைத்திருக்காது. ஆனால் தருமம் என்று மாத்திரம் சொல்லவும் முடியவில்லை.

அவருடைய ஏட்டில் வேறு பற்று வரிகளும் உண்டு. ஹனிபல் குட்வின் என்ற கிறித்தவப் போதகர் 1887இலேயே செலுலோயிட் பிலிமுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். அது கிடைக்க 1898 ஆயிற்று. 1900இல் அவர் இறந்துபோனார். காப்புரிமையை வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில் கொடாக் தோற்று, 1914இல் 50 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தது. கமராச் சந்தையைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ள போட்டிக் கம்பனிகளை வாங்கியதும், வணிகர்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்ததும் சட்டத்துக்கு மாறான ஏகபோகம் என்று 1915இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலிவாகக் கொடுத்த அதே கை, வேறொருவர் அதைவிட மலிவாகக் கொடுப்பதைத் தடுக்கவும் செய்தது.

கொடுத்ததும் போனதும்

ஈஸ்ற்மன் திருமணம் செய்யவில்லை. சேர்த்ததைக் கொடுப்பதிலும் கணக்குப் பார்த்தே கொடுத்தார். 1912 முதல் தொழிலாளருக்கு இலாபத்தில் பங்கு கொடுத்தார். 1919இல் தன் சொந்தப் பங்குகளில் மூன்றிலொன்றை, ஏறத்தாழ ஒரு கோடி டொலர் பெறுமதியானதை, அவர்களுக்கே ஒதுக்கினார். மசாசூசற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஸ்மித் என்ற புனைபெயரில் இரண்டு கோடி டொலர் கொடுத்தார். இந்த ஸ்மித் யாரென்று பல ஆண்டுகள் ஊரே தேடியது. றொச்செஸ்ரர் பல்கலைக்கழகம், இசைக் கல்லூரி, கறுப்பின மாணவர்களுக்கான தஸ்கிகி, ஹம்ற்றன் கல்வி நிலையங்கள், இலண்டன் முதல் றோம் வரை பிள்ளைகளுக்கான பல் மருத்துவமனைகள் என்று பட்டியல் நீளும். மொத்தம் 10 கோடி டொலருக்கு மேல்.

ஒருவருக்கு மட்டும் அவரால் காலத்தில் கொடுக்க முடியவில்லை. கிழக்கு அவெனியுவில் 50 அறைகள் கொண்ட மாளிகையை 1905இல் கட்டி முடித்துத் தாயைக் குடியேற்றினார். விடுதிக்காரர்களுக்குச் சமைத்துப் போட்ட மரியா அப்போது 80 வயதைத் தாண்டியவர், சக்கர நாற்காலியில் இருந்தவர். இரண்டே ஆண்டில், 1907இல், அவர் காலமானார். உணர்ச்சியை வெளியே காட்டாத ஈஸ்ற்மன், அன்று நாள் முழுவதும் அழுதேன், நிறுத்த முடியவில்லை என்று பின்னாளில் நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். இசைக் கல்லூரியின் சிறு அரங்குக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரான கில்போர்ன் என்பதையே வைத்தார்.

பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியே இருந்தார். காலை உணவின்போது ஓர் இசைக்கலைஞர் வந்து ஓர்கன் வாசிப்பார். பூஞ்செடிக் கூடத்தின் அளவு சரியாக அமையவில்லை என்று, 1919இல் வீட்டை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தண்டவாளத்தில் நகர்த்தி, நடுவே 9 அடி 4 அங்குலம் சேர்த்தார். செலவு ஏழரை இலட்சம் டொலர், வீடு கட்டிய செலவைவிட அதிகம் என்பார்கள். கணக்குப் பிள்ளை கணக்குப் பாராமல் செய்த ஒரே காரியம் அதுவாக இருக்கலாம்.

முதுமையில் முதுகெலும்பு நோய் அவரை வாட்டியது. நிற்கவும் நடக்கவும் வேதனை. 1932 மார்ச் 14ஆம் திகதி, உயிலில் கடைசித் திருத்தத்துக்குச் சாட்சிகள் முன் கையெழுத்திட்டு அவர்களை அனுப்பிய பின், தன் வேலை முடிந்துவிட்டது என்று நண்பர்களுக்கு ஓரிரு வரிகள் எழுதிவைத்துவிட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 77. மாளிகையில் நடந்தபோது அந்த அறைப் பக்கம் எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. வேதனையையும் தனிமையையும் எந்த ஏட்டிலும் எழுதி நேர் செய்ய முடியாது.

அவர் கட்டிய கம்பனியும் பின்னால் கணக்கில் தவறியது. உலகின் முதல் கையடக்க இலக்கமுறைக் கமராவை 1975இல் செய்தவர் கொடாக்கின் பொறியியலாளர் ஸ்ரீவன் சசன். பிலிமே தேவைப்படாத அந்தக் கருவியை, பிலிம் விற்று வாழ்ந்த கம்பனி மனதாரத் தழுவிக்கொள்ளவில்லை. 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டு மீண்டபோது அளவில் சிறுத்திருந்தது.

மூன்று சுருள்கள்

என் சப்பாத்துப் பெட்டிக்கு வருகிறேன். நிலக்கீழ் வீட்டில் அது இருந்த தட்டு, வெந்நீர்க் குழாய்க்கு நேர் மேலே. பிலிமுக்கு வெப்பம் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. 1990இல் அம்மா காலமானார் என்ற செய்தி வந்தது. அவர் கேட்ட படத்தை நான் அனுப்பியிருக்கவில்லை. அதன் பிறகு பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. 1993இல், நல்ல வேலை கிடைத்து, 20 டொலர் ஒரு பொருட்டாக இல்லாமல் போன ஒரு நாளில், மூன்று சுருள்களையும் கழுவக் கொடுத்தேன். 72 படங்களில் 11 தேறின. மற்றவை செம்புகை படர்ந்து கிடந்தன. பனியில் நான் நிற்கும் படம் ஒன்று இருந்தது. கால்களும் சப்பாத்தும் தெளிவாகத் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு மறு.

றொச்செஸ்ரரிலிருந்து வீடு திரும்பிய அன்றிரவு, முதல் வருடத்தில் நான் கணக்கு எழுதிய பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். அகதியாக வந்தவர்கள் பலரிடமும் அப்படியொரு கொப்பி இருக்கும். மாசி மாதப் பக்கத்தில் கமரா 35 டொலர் என்று என் கையெழுத்து. அதன் கீழே, தள்ளித் தள்ளி, பிலிம் என்று மூன்று வரிகள். கொப்பியின் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். படம் கழுவியது என்ற வரி எங்கும் இல்லை.